அமெரிக்கப் பார்சலுக்கு 50% வரி (2025 டிசம்பர் நிலவரம்): அரங்கேற்ற சீசனுக்கு என்ன விலை போடுவது?

செம்பூர் சலங்கை | 14 டிசம்பர் 2025

எல்லோருக்கும் வணக்கம். மும்பை செம்பூரில் வீட்டிலிருந்தபடியே பரதநாட்டிய நகை விற்கிறேன். நாகர்கோவில் வடசேரியிலிருந்து கெம்புக்கல் பதித்த தலைசாமான், ராக்கொடி, சூரியன் சந்திரன், ஒட்டியாணம் எல்லாம் வரவழைப்பேன். வந்ததும் ஒவ்வொரு கல்லையும் விரலால் அழுத்திப் பார்த்து, ஆடுகிற கல்லை ஒட்டி, ஒரு ராத்திரி காயவைத்து, அப்புறம்தான் பேக்கிங். வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அமெரிக்காவில் நடனம் கற்கும் பெண்களின் அம்மாக்கள். அங்கே அரங்கேற்றம் பெரும்பாலும் கோடை விடுமுறையில்தான். பொங்கல் முடிந்த கையோடு ஆர்டர் வர ஆரம்பித்துவிடும்.

இந்தத் தடவை விலைப் பட்டியல் போட உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

நிலைமை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2016 முதல் 800 டாலர் வரை மதிப்புள்ள பார்சல் சுங்க வரி இல்லாமல் அமெரிக்காவுக்குள் போய்க்கொண்டிருந்தது. என்னைப் போன்றவர்களின் வியாபாரம் முழுக்க அந்தச் சலுகையை நம்பித்தான் வளர்ந்தது. 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் அதை நிறுத்திவிட்டார்கள். நம் நாட்டுப் பொருள்களுக்கு ஆகஸ்ட் 7 அன்று 25 சதவீதம், 27 அன்று மேலும் 25 சதவீதம் ஏற்றியது தனிக்கதை. வரியை யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்பது தெளிவாகாததால் அமெரிக்காவுக்குப் போகும் தபால் பைகளை ஏற்ற விமான நிறுவனங்கள் தயங்கின. இந்திய அஞ்சல் துறை ஆகஸ்ட் 25 முதல் அமெரிக்கப் பார்சல்களை நிறுத்தியது. அக்டோபர் 15 அன்று மறுபடி ஆரம்பித்தபோது முறை மாறியிருந்தது. எஃப்ஓபி மதிப்பு (அஞ்சல் கட்டணம் சேராத பொருள் விலை) என்று நாம் அறிவிக்கும் தொகையில் 50 சதவீதத்தை, புக் செய்யும்போதே கவுன்டரில் நாம் கட்டிவிட வேண்டும்.

அஞ்சல் கட்டணம் ஏறவில்லை என்பதைக் கவனியுங்கள். அடி விழுந்த இடம் வேறு. 7,000 ரூபாய் செட் ஒன்றை அனுப்பப் போனால் தபால் செலவுக்கு மேல் 3,500 ரூபாயை என் கையிலிருந்து முன்பணமாக வைக்கிறேன். விற்பனைத் தளத்திலிருந்து பணம் வருவதோ பிறகுதான். சீசனில் செட்டுகள் வரிசையாகப் போகும்போது வடசேரிக்கு அனுப்ப வேண்டிய பணம் கவுன்டரில் கரைந்துவிடும்.

இந்த 50 சதவீதத்தை விலைக்குள்ளேயே சேர்த்து 'எல்லாம் உள்பட' என்று போடுவதா, தனியாகக் காட்டுவதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

மாட்டுங்கா பொம்மை மாமி | 14 டிசம்பர் 2025

உனக்கு சீசன் இனிமேல்தான் வரப்போகிறதம்மா. எனக்குப் போயே போய்விட்டது. கொலு பொம்மை அனுப்புகிறவர்களுக்கு ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் முதல் வாரம்தான் உயிர்நாடி. இந்த வருஷம் நவராத்திரி செப்டம்பர் 22. ஆகஸ்ட் 25-ல் தபால் நின்றது, அக்டோபர் 15-ல் திறந்தது. தசாவதார செட், கல்யாண செட், செட்டியார் பொம்மை என்று வைக்கோலும் பஞ்சும் வைத்துக் கட்டின பெட்டிகள் இன்னும் என் வீட்டுப் பரணில்தான் இருக்கின்றன. முன்பணம் வாங்கினவர்களுக்கெல்லாம் திருப்பிக் கொடுத்தாயிற்று.

அடுத்த வருஷம் அது பழைய பொம்மை. களிமண் பொம்மையின் வண்ணம் பரணில் இருந்தாலே மங்கும். பண்ருட்டியில் பொம்மை செய்கிறவர்களுக்கு நான் இந்தப் பணத்தைத்தான் அடுத்த ஆர்டருக்குக் கொடுப்பேன். வரி எவ்வளவு என்பதைவிட, கதவு எப்போது மூடும், எப்போது திறக்கும் என்று தெரியாததுதான் எங்களைப் போன்றவர்களை அடிக்கிறது. பெரிய கம்பெனிக்கு அங்கேயே கிடங்கு இருக்கிறது, நான்கு மாதச் சரக்கு முன்னாடியே போய் உட்கார்ந்திருக்கும். எனக்கு என்ன இருக்கிறது?

விலை விஷயம் எனக்குத் தெரியாது. முலுண்ட் சார் வந்து சொல்லட்டும்.

---

டோம்பிவிலி டிரேடர் | 14 டிசம்பர் 2025

அக்கா, 100 டாலர் வரை கிஃப்டுக்கு வரி கிடையாது. சின்ன ஐட்டங்களை கிஃப்ட் என்று போட்டு அனுப்பிவிடலாமே? செட்டைப் பிரித்து இரண்டு மூன்று பார்சலாக அனுப்பினால் ஒவ்வொன்றும் 100-க்குள் வந்துவிடும். நிறையப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள்.

---

முலுண்ட் கணக்கர் | 14 டிசம்பர் 2025

டோம்பிவிலி தம்பி, தயவுசெய்து இதை யாருக்கும் யோசனையாகச் சொல்லாதீர்கள். ஏற்றுமதிக் கணக்குப் பார்ப்பதுதான் என் தொழில், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

100 டாலர் கிஃப்ட் விலக்கு ஒரு ஆள் இன்னொரு ஆளுக்குக் காசு வாங்காமல் அனுப்பும் பரிசுக்கு மட்டும். பெங்களூரில் இருக்கும் அத்தை நியூஜெர்சியில் இருக்கும் மருமகளுக்குப் புடவை அனுப்பினால் அது கிஃப்ட். விற்றுவிட்டு அனுப்பினால் அது வணிகச் சரக்கு. செட்டைப் பிரித்தாலும் அது மாறாது.

அப்புறம், பழைய காலம் மாதிரி பச்சை நிறச் சுங்கச் சீட்டை ஒட்டிவிட்டு மறந்துவிட முடியாது. நீங்கள் எழுதும் விவரம், மதிப்பு, எச்எஸ் கோட் (பொருளின் வகையைக் காட்டும் சுங்க எண்) எல்லாம் பார்சல் விமானம் ஏறும் முன்பே மின்னணுத் தகவலாக அந்த நாட்டுக்குப் போய்ச் சேர்கிறது. அமெரிக்கா இதற்காக 2018-ல் தனிச் சட்டமே போட்டது. ஐரோப்பா 2021 மார்ச்சிலிருந்து கேட்கிறது. நம் பக்கமும் பாருங்கள். டாக் கர் நிர்யாத் கேந்திரா (அஞ்சலக ஏற்றுமதி மையம்) வழியாக அனுப்பும்போது அஞ்சல் ஏற்றுமதிப் பத்திரம் ஒன்று உருவாகிறது. அதில் எழுதின மதிப்புக்கும் வங்கிக்கு வந்த டாலருக்கும் பொருந்த வேண்டும். 90 டாலர் வாங்கிவிட்டு 20 டாலர் கிஃப்ட் என்று எழுதினால், அங்கே பிடிபடாவிட்டாலும் இங்கே உங்கள் கணக்கில் ஓட்டை விழும். ஜிஎஸ்டியில் ஏற்றுமதி என்று வரி இல்லாமல் காட்டியிருப்பீர்கள், அதற்கு ஆதாரம் இல்லாமல் போகும்.

இப்போது செம்பூர் மேடத்தின் கேள்வி. இதில் சட்டப்படியே மிச்சம் பிடிக்க வழி இருக்கிறது. நிறையப் பேர் அதைத் தவறவிடுகிறார்கள்.

வரி போடுவது எஃப்ஓபி மதிப்புக்கு. பொருளின் விலை மட்டும்தான் அதில் சேரும். இங்கிருந்து அமெரிக்கா வரையிலான அஞ்சல் கட்டணம் சேராது. அமெரிக்கச் சுங்கச் சட்டப்படி, இன்வாய்ஸில் தனியாகக் காட்டியிருந்தால் இறக்குமதி வரியும் மதிப்பில் சேராது. ஆனால் 'ஃப்ரீ ஷிப்பிங், வரி உள்பட' என்று ஒரே தொகையாக விற்றால், அந்த மொத்தத் தொகைதான் பொருளின் விலை என்று ஆகிவிடுகிறது. உதாரணமாக, தலைசாமான் செட் 90 டாலர், அஞ்சல் 25, வரி 45, ஆக 160 டாலர் என்று வையுங்கள்.

தனித்தனியாகக் காட்டினால் வரி 90-க்கு, அதாவது 45 டாலர். ஒரே தொகையாக 160 என்று விற்று 160 என்றே அறிவித்தால் வரி 80 டாலர். வாங்குகிறவர் கொடுப்பது இரண்டிலும் 160தான். உங்கள் கையில் 35 டாலர் குறையும். டாலர் 90 ரூபாய் விற்கும் நேரத்தில் இது ஒரு செட்டுக்கு 3,000 ரூபாய்க்கு மேல். வரிக்கும் வரி கட்டுகிறீர்கள், தபால் கட்டணத்துக்கும் வரி கட்டுகிறீர்கள்.

அதனால் இன்வாய்ஸில் மூன்று தொகையும் தனித்தனியாக இருக்கட்டும்: பொருள், அஞ்சல், அமெரிக்க இறக்குமதி வரி. அஞ்சல் என்று காட்டுவது உண்மையிலேயே நீங்கள் கட்டின தொகையாக இருக்க வேண்டும். பொருளின் விலையைக் குறைத்துவிட்டு ஷிப்பிங்கில் ஏற்றுவது வேறு விஷயம், அதைச் செய்யாதீர்கள்.

---

செம்பூர் சலங்கை | 14 டிசம்பர் 2025

ரொம்ப நன்றி சார். போன வருஷம் வரை என் எல்லா நகைக்கும் ஃப்ரீ ஷிப்பிங்தான். தேடலில் மேலே வரும் என்பதால் எல்லோரும் அப்படித்தான் போடுவோம். வரி இல்லாத காலத்தில் அதில் நஷ்டமும் இல்லை.

விற்பனைத் தளத்தில் இறக்குமதி வரிக்கென்று தனி இடம் இல்லாவிட்டால் எப்படிக் காட்டுவது?

---

முலுண்ட் கணக்கர் | 14 டிசம்பர் 2025

ஷிப்பிங் கட்டணத்தைத் தனியாகக் காட்டும் வசதி பெரும்பாலான தளங்களில் உண்டு. வரியையும் அந்த இடத்தில் சேர்த்து, 'அஞ்சலும் முன்கட்டிய அமெரிக்க வரியும்' என்று விளக்கத்தில் எழுதுங்கள். பார்சலோடு போகும் உங்கள் சொந்த இன்வாய்ஸில் இரண்டையும் பிரித்துக் காட்டுங்கள். கமிஷனில் மட்டும் தப்ப முடியாது. எட்சி போன்ற தளங்கள் 6.5 சதவீதத்தைப் பொருள் விலைக்கும் ஷிப்பிங்குக்கும் சேர்த்தே எடுக்கின்றன. 160-க்கு 10.40 டாலர் போகும். அதை விலை போடும்போதே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

---

அந்தேரி கூரியர் ஆள் | 15 டிசம்பர் 2025

கூரியர் துறையில் வேலை பார்க்கிறேன். 'தபாலை விட்டுவிட்டு கூரியருக்கு வந்துவிடலாமா' என்று கவுன்டரில் தினமும் கேட்கிறார்கள். உண்மையைச் சொல்கிறேன்: சின்னப் பார்சலுக்குப் பெரும்பாலும் தபால்தான் மலிவு, வரியிலும்கூட.

தபாலில் 50 சதவீதம் என்றால் அதோடு முடிந்தது. பொருளுக்கு உரிய அடிப்படைச் சுங்க வரியை அதன் மேல் போடுவதில்லை. கூரியரில் அப்படி இல்லை, முழுச் சுங்க நடைமுறை. கவரிங் நகை சுங்க வரிப் பட்டியலில் 7117 என்ற தலைப்பில் வரும். கெம்பு செட் மாதிரியானவற்றுக்கு அமெரிக்காவில் அடிப்படை வரியே 11 சதவீதம். அதன் மேல் 50, ஆக 61. அப்புறம் வரியை முன்கூட்டிக் கட்டினதற்கும் கிளியரன்ஸுக்கும் கூரியர்காரர்களின் கட்டணம். 40 டாலர் ஜிமிக்கிக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது. 1,500 டாலர் பட்டு நடன உடை செட் என்றால், அவசரம் என்றால், கூரியர் சரி.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 800 டாலர் விலக்கை நிறுத்திய அமெரிக்க உத்தரவில் தபாலுக்கு இரண்டு வழி வைத்தார்கள். ஒன்று, மதிப்பில் சதவீதம். இன்னொன்று, முதல் ஆறு மாதத்துக்கு மட்டும் ஒவ்வொரு பொருளுக்கும் நிலையான தொகை: நாட்டின் வரி விகிதத்தைப் பொறுத்து 80, 160 அல்லது 200 டாலர். நாம் 200 டாலர் வகையில் இருக்கிறோம். நம் அஞ்சல் துறை சதவீத வழியை எடுத்ததால்தான் 40 டாலர் ஜிமிக்கியை இன்றைக்கும் அனுப்ப முடிகிறது.

---

தாராவி தோல் பட்டறை | 15 டிசம்பர் 2025

எங்கள் பட்டறை 90 அடி ரோடு பக்கம். அப்பா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து வந்தோம். பெல்ட், வாலட், பாஸ்போர்ட் கவர் தைக்கிறோம். அமெரிக்கா இப்போது போட்ட பூட்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள். எனக்கு ஐரோப்பா முன்னாடியே பூட்டிவிட்டது.

2021 ஜூலை வரை 22 யூரோவுக்குக் கீழே இருந்தால் அங்கே வாட் வரி கிடையாது. ஒரு வாலட் அதற்குள் அடங்கிவிடும். அதை எடுத்தார்கள். சரி, விற்பனைத் தளமே வாட் வசூலித்து ஐஓஎஸ்எஸ் எண்ணை (வாட் கட்டியாயிற்று என்று காட்டும் பதிவு எண்) கொடுத்தது, சமாளித்தோம். 2022 ஜூலையில் ஜெர்மனி ஒரு விதியைக் கறாராக்கியது. அங்கே போகும் அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் உறைக்குக்கூட லூசிட் என்ற பதிவேட்டில் பெயர் பதிந்திருக்க வேண்டும், அந்தக் குப்பையைக் கையாளும் செலவில் பங்கு கட்ட வேண்டும். அதையும் பார்த்தோம். 2024 டிசம்பர் 13 முதல் பொருள் பாதுகாப்பு விதி வந்தது. ஐரோப்பாவுக்குள் முகவரி உள்ள பொறுப்பாளர் ஒருவரின் பெயர் பொருளில் இருக்க வேண்டும். அதற்கு ஆள் பிடித்து வருஷக் கட்டணம் கட்டும் அளவுக்கு எனக்கு அங்கே விற்பனை இல்லை. ஐரோப்பா முழுவதையும் ஒரே நாளில் அணைத்துவிட்டேன்.

தோல் வெட்டுகிறவர், ஓரம் சீவுகிறவர், தைக்கிறவர் எல்லோரும் அதே ஆட்கள்தான், பொருளும் அதே பொருள்தான். விதி ஆயிரம் கன்டெய்னர் அனுப்புகிறவனை நினைத்து எழுதப்படுகிறது. அவன் ஒரு வக்கீலை வைத்து ஒரு முறை செலவழித்தால் லட்சம் துண்டுக்குப் பங்காகிவிடும். எனக்கு அதே செலவு முப்பது வாலட்டுக்குப் பங்காகிறது.

போன வெள்ளிக்கிழமை, டிசம்பர் 12 அன்று இன்னொன்றும் முடிவு செய்திருக்கிறார்கள். 150 யூரோவுக்குக் கீழே இருந்த சுங்க வரி விலக்கு போகிறது. 2026 ஜூலை 1 முதல் சின்னப் பார்சலில் உள்ள ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் 3 யூரோ. பிரிட்டனும் 135 பவுண்டு விலக்கை 2029 மார்ச்சுக்குள் எடுப்பதாக நவம்பர் பட்ஜெட்டில் சொல்லிவிட்டது. அமெரிக்க அதிபர் மாறினால் எல்லாம் பழையபடி ஆகும் என்று நினைப்பவர்கள் இதையும் பாருங்கள். எல்லா ஊரிலும் ஒரே திசையில்தான் போகிறார்கள்.

---

பழைய தபால்தலை | 15 டிசம்பர் 2025

தோல் பட்டறைத் தம்பி சொன்னது முழுக்கச் சரி. அதன் வேர் எங்கே இருக்கிறது என்று சொல்ல ஆசைப்படுகிறேன். நாற்பது வருஷமாகத் தபால்தலை சேகரிக்கிறவன், இந்தச் சரித்திரத்தின் மேல் பற்று அதிகம்.

உலக அஞ்சல் ஒன்றியம் 1874-ல் பெர்ன் நகரில் 22 நாடுகளோடு தொடங்கியது. இந்தியா 1876-லேயே சேர்ந்துவிட்டது. அதன் அடிப்படை ஏற்பாடு அழகானது. தபால்தலைக் காசை அனுப்புகிற நாடு வைத்துக்கொள்ளும், வாங்குகிற நாடு இலவசமாகக் கொண்டுபோய்க் கொடுக்கும். கடிதம் எழுதினால் பதில் வரும், இரண்டு பக்கமும் சரியாகிவிடும் என்ற எண்ணம். ஆனால் சில நாடுகளுக்கு வருவது அதிகம், போவது குறைவு. அதனால் 1969-ல் டோக்கியோ மாநாட்டில், கொண்டுபோய்க் கொடுப்பதற்கு ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குக் கொடுக்க வேண்டிய தொகையைக் கொண்டுவந்தார்கள். பின்னாளில் வளரும் நாடுகளுக்கு அது குறைவாகவே வைக்கப்பட்டது.

கடிதம் போய்ப் பொட்டலம் வந்தபோதுதான் சிக்கல். சீனாவிலிருந்து லட்சக்கணக்கில் சின்னப் பாக்கெட் அமெரிக்காவுக்குள் கொட்டியது. உள்ளூரில் ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு அனுப்பும் செலவைவிடக் குறைவான கட்டணத்தில் அது போய்ச் சேர்ந்தது. 2018 அக்டோபரில் ஒன்றியத்தை விட்டே விலகுவதாக அமெரிக்கா அறிவித்தது. 2019 செப்டம்பரில் ஜெனீவாவில் அவசர மாநாடு கூடியது. நிறையத் தபால் பெறும் நாடுகள் தங்கள் கட்டணத்தைத் தாங்களே அறிவிக்கலாம் என்று முடிவானது. அமெரிக்கா 2020 ஜூலையிலிருந்தே அப்படி வசூலிக்கத் தொடங்கியது. சீன வெள்ளத்துக்குக் கட்டின அணை, தாராவி வாலட்டையும் வடசேரி நகையையும் சேர்த்தே தடுத்தது. 800 டாலர் விலக்கு கதையும் அதேதான். முதலில் சீனாவுக்கு 2025 மே 2-ல் நிறுத்தினார்கள், அப்புறம் எல்லோருக்கும்.

ஆகஸ்ட் 29 அன்று என்ன நடந்தது என்று அந்த ஒன்றியமே சொன்ன கணக்கு இருக்கிறது. ஒரு வாரத்துக்கு முந்தைய நாளோடு ஒப்பிட்டால் அமெரிக்காவுக்குப் போகும் தபால் 81 சதவீதம் சரிந்தது. 88 அஞ்சல் நிறுவனங்கள் சேவையை முழுதாகவோ பகுதியாகவோ நிறுத்தின. நம் ஊர் மட்டும் தடுமாறியதாக நினைக்க வேண்டாம். வரி வசூலிக்க அங்கீகாரம் பெற்ற இடைநிலை நிறுவனங்கள் யார், எப்படிக் கட்டுவது என்ற வழிகாட்டுதலை அமெரிக்கச் சுங்கத்துறை ஆகஸ்ட் 15 அன்றுதான் வெளியிட்டது. இரண்டே வாரத்தில் உலகம் முழுக்கக் கணினி முறையை மாற்ற முடியுமா? நம் துறை டெல்லி, மகாராஷ்டிர வட்டங்களில் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் அக்டோபரில் திறந்தது. அந்த விஷயத்தில் நான் அவர்கள் பக்கம்.

---

எடிசன் அம்மா | 15 டிசம்பர் 2025

பிறந்தது சயான் கோலிவாடா, இப்போது நியூஜெர்சியில் இருக்கிறேன். வாங்குகிற பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை.

என் பெண்ணின் அரங்கேற்றத்துக்குச் செப்டம்பரில் ஒரு கடையில் ஒட்டியாணமும் கையில் அணியும் வங்கியும் வாங்கினேன். அவர்கள் கூரியரில் அனுப்பினார்கள். வரி பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. பொருள் வந்து சேர்ந்த பிறகு கூரியரிடமிருந்து பில் வந்தது, நகை விலையில் பாதிக்கு மேல். கட்டினேன், வேறு வழியில்லை. எங்கள் நடனப் பள்ளி வாட்ஸாப் குழுவில் இதைச் சொன்னதும் வரிசையாக நாலைந்து அம்மாக்கள் 'எங்களுக்கும்' என்றார்கள்.

அதனால் செம்பூர் அக்கா, விலை அதிகம் என்று நாங்கள் ஓடிவிடுவோம் என்று பயப்படாதீர்கள். அரங்கேற்றத்துக்கு ஹால், பக்கவாத்தியம், சாப்பாடு என்று ஆகிற செலவில் நகை பெரிய பங்கு இல்லை. இங்கே கெம்பு செட் நல்லதாகக் கிடைப்பதும் இல்லை. 'வரி முன்கட்டியாயிற்று, வாசலில் ஒரு டாலரும் கேட்க மாட்டார்கள்' என்று பெரிய எழுத்தில் போடுங்கள். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே உங்களிடம் வாங்குவோம். வரி எவ்வளவு என்று தனியாகக் காட்டினால் இன்னும் நல்லது, அந்தப் பணம் கடைக்குப் போகவில்லை என்று தெரியும்.

---

டோம்பிவிலி டிரேடர் | 15 டிசம்பர் 2025

கணக்கர் சார் சொன்னது புரிந்தது. கிஃப்ட் யோசனையை விட்டுவிடுகிறேன். அமெரிக்காவை விட்டு சிங்கப்பூர், மலேசியா, ஆஸ்திரேலியா பக்கம் திருப்பினால் என்ன? அங்கேயும் நம் ஆட்கள் நிறைய.

---

செம்பூர் சலங்கை | 16 டிசம்பர் 2025

தம்பி, யோசிக்காமல் இல்லை. சிங்கப்பூரில் 400 வெள்ளி வரையிலான பார்சலுக்கு 2023 முதல் ஜிஎஸ்டி உண்டு, ஆனால் அதைப் பதிவு செய்து வசூலிக்க வேண்டியது பெரிய விற்பனையாளர்களும் தளங்களும்தான். மலேசியாவில் 500 ரிங்கிட் வரை 10 சதவீதம், 2024 ஜனவரியிலிருந்து. ஆஸ்திரேலியாவில் 1,000 டாலருக்குக் கீழே ஜிஎஸ்டி மட்டும், அது 2018-லிருந்தே இருக்கிறது, தளமே பிடித்துக்கொள்ளும். 50 சதவீதத்தோடு பார்த்தால் இவையெல்லாம் ஒன்றுமே இல்லை.

ஆனால் வாங்குகிறவர் ஏன் என்னிடம் வருகிறார் என்று பாருங்கள். சிங்கப்பூர்க்காரருக்குச் சிராங்கூன் ரோடு இருக்கிறது, கோலாலம்பூர்க்காரருக்குப் பிரிக்ஃபீல்ட்ஸ் இருக்கிறது. கடைக்காரர் மொத்தமாகக் கொண்டுவந்து வைத்திருப்பார். கையில் எடுத்துத் தலையில் வைத்துப் பார்த்து வாங்கலாம். ஒஹையோவில் ஒரு சின்ன ஊரில் நடனம் கற்கிற பெண்ணுக்கு அந்தக் கடை இல்லை. தபால்தான் அவளுக்குக் கடைத்தெரு. பத்து வயசுக் குழந்தையின் தலைக்குத் தகுந்தபடி தலைசாமானைச் சுருக்கித் தரச் சொல்லி, நூலால் அளந்து படம் எடுத்து அனுப்புகிறார்கள். அந்த வேலை கன்டெய்னரில் போகாது. அதனால்தான் அமெரிக்காவை அவ்வளவு சுலபமாக விட மனசு வரவில்லை.

ஆஸ்திரேலியாவைக் கட்டாயம் முயற்சி செய்யப் போகிறேன். மெல்போர்ன், சிட்னியில் நடனப் பள்ளிகள் பெருகியிருக்கின்றன.

---

வடாலா வாசகர் | 16 டிசம்பர் 2025

இடையில் ஒரு கேள்வி. நான் பழைய தமிழ்ப் புத்தகம் விற்கிறேன். புத்தகத்துக்கும் 50 சதவீதமா?

---

அந்தேரி கூரியர் ஆள் | 16 டிசம்பர் 2025

அமெரிக்கச் சட்டத்தில் புத்தகம், பத்திரிகை, இசைத்தட்டு மாதிரியான தகவல் சாதனங்களுக்கு, அவசரகால அதிகாரச் சட்டத்தின் கீழ் போட்ட இந்த 50 சதவீத வரி பொருந்தாது. உத்தரவிலேயே அந்தச் சட்டப்பிரிவைச் சொல்லி விலக்கியிருக்கிறார்கள். 49-ஆம் அத்தியாயத்து எச்எஸ் கோடைச் சரியாகப் போடுங்கள். புத்தகத்தோடு புக்மார்க், பொம்மை என்று எதையும் சேர்த்துக் கட்டாதீர்கள். புக் செய்யும் முன் கவுன்டரில் வரித் தொகை என்ன காட்டுகிறது என்று ஒரு முறை கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

எல்லோருக்கும் பொதுவாக ஒன்று: பொருள் விவரத்தில் 'ஆக்சஸரீஸ்', 'பார்ட்ஸ்', 'சாம்பிள்' என்று மொட்டையாக எழுதாதீர்கள். ஐரோப்பா அந்த மாதிரிச் சொற்களுக்குப் பட்டியலே போட்டுத் திருப்புகிறது. 'பித்தளை மணி வைத்த தோல் பட்டை, நடனத்துக்கு, ஒரு ஜோடி' என்று எழுதினால் ஸ்கேனரில் மணியைப் பார்க்கிறவருக்கும் சந்தேகம் வராது.

---

தாராவி தோல் பட்டறை | 16 டிசம்பர் 2025

செம்பூர் தங்கச்சி, இன்னொரு வழியும் இருக்கிறது. நான் அதில்தான் இப்போது இறங்கியிருக்கிறேன். டெக்சாஸில் சித்தப்பா மகன் சின்னதாக ஒரு கம்பெனி பதிந்திருக்கிறான். அவனுக்கு மொத்த விலையில் விற்கிறேன், ஒரே பெட்டியாகப் போகிறது. வரி மொத்த விலைக்குத்தான் விழுகிறது. 60 டாலர் வாலட்டுக்கு மொத்த விலை 25 என்றால், 50 சதவீதம் 12.50, கூட அடிப்படை வரி. சில்லறையாக ஒவ்வொன்றாக அனுப்பினால் 30 கட்ட வேண்டும். 2,500 டாலருக்கு மேல் போனால் முறையான சுங்கப் பதிவும் உத்தரவாதப் பத்திரமும் வேண்டும், அதனால் அதற்குக் கீழேயே வைத்துக்கொள்கிறோம், அவ்வளவு சரக்குத்தான் எங்களிடம் இருக்கிறது. அவன் உண்மையிலேயே வாங்கி, உண்மையிலேயே பணம் அனுப்புகிறான். பெயருக்குச் செய்தால் சொந்தக்காரர்களுக்குள் விற்பது என்று விலையைக் கேள்வி கேட்பார்கள்.

---

முலுண்ட் கணக்கர் | 16 டிசம்பர் 2025

அண்ணன் சொன்ன கடைசி வாக்கியம் ரொம்ப முக்கியம். மற்றவர்களுக்கு எந்த விலைக்குக் கொடுப்பீர்களோ அதே மொத்த விலையில்தான் சொந்தக்காரருக்கும் கொடுக்க வேண்டும்.

செம்பூர் மேடத்துக்கு இது பாதிதான் பொருந்தும். அளவு பார்த்துச் செய்யும் தலைசாமான் தனித்தனியாகத்தான் போக வேண்டும். ஜிமிக்கி, மாட்டல், சலங்கை மாதிரி எல்லோருக்கும் ஒரே அளவான பொருளை மொத்தமாக அனுப்பலாம்.

---

எடிசன் அம்மா | 16 டிசம்பர் 2025

எங்கள் பள்ளி டீச்சரிடம் பேசிப் பார்க்கிறேன். மாணவிகளுக்குச் சலங்கை எப்படியும் அவர்தான் வரவழைத்துக் கொடுப்பார். பள்ளிக்கு ஒரே பெட்டியாக மொத்த விலையில் வாங்கிக்கொள்ளச் சொல்கிறேன். ஏற்கெனவே பதிவு செய்த நிறுவனமாகத்தான் பள்ளியை நடத்துகிறார்.

---

செம்பூர் சலங்கை | 17 டிசம்பர் 2025

அக்கா, அது நடந்தால் பெரிய உதவி. மூன்று நாளில் இவ்வளவு தெளிவு கிடைக்கும் என்று நினைக்கவில்லை.

நான் எடுத்த முடிவு இது. ஃப்ரீ ஷிப்பிங்கை எல்லாப் பொருளிலும் எடுத்துவிட்டேன். பொருள், அஞ்சல், வரி மூன்றும் தனித்தனி, 'வரி முன்கட்டியது' என்று விளக்கத்தின் தொடக்கத்திலேயே. தலைசாமானுக்கு ஆர்டரின்போதே முழுப் பணம், மார்ச் கடைசிக்கு மேல் கோடை அரங்கேற்ற ஆர்டர் எடுப்பதில்லை, மறுபடி கதவு மூடினால் மாற்று வழி பார்க்க நேரம் வேண்டும். வடசேரி ஆசாரியிடமும் பேசினேன். விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அவர் கூலியில் கை வைத்து அமெரிக்க வரியைக் கட்ட எனக்கு இஷ்டமில்லை. முன்பணத்தை மட்டும் இரண்டு தவணையாக வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார்.

பொம்மை மாமி, உங்கள் பரணில் இருக்கும் பெட்டிகளின் அளவையும் எடையையும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். மெல்போர்னில் என்னிடம் நகை வாங்கும் டீச்சர் ஒருவர் கொலு வைப்பவர். ஜனவரியில் அவருக்கு ஒரு பார்சல் போகிறது, கல்யாண செட்டை மட்டும் முதலில் காட்டிப் பார்க்கலாம்.

---

மாட்டுங்கா பொம்மை மாமி | 17 டிசம்பர் 2025

இன்றைக்கே இறக்கி அளந்து அனுப்புகிறேன். மாப்பிள்ளை பொம்மையின் தலைப்பாகையில் மட்டும் ஒரு இடத்தில் வண்ணம் போயிருக்கிறது, அதைத் தொட்டுக் கொடுத்துவிடுகிறேன். போட்டோ வண்ணம் காய்ந்த பிறகு.